ரெண்டு க்ளிக் குறைச்சுப் பாருங்க!

நம்மவர்களுக்கு எதுவும் 'கிண்'ணென்று இருக்க வேண்டும். தேங்காயைத் தட்டிப் பார்ப்போம். பித்தளைக் குடத்தைச் சுண்டிப் பார்ப்போம். கட்டில் வாங்கப் போனால் கடைக்காரர் எதிரிலேயே ஏறி உட்கார்ந்து ஒரு குதி குதிப்போம்; ஆடாவிட்டால்தான் அட்வான்ஸ். சைக்கிள் டயரைக் கட்டை விரலால் அமுக்கி, அமுங்காவிட்டால் 'காத்து சூப்பர்' என்போம். கெட்டியாக இருப்பதெல்லாம் உசத்தி, அமுங்குவதெல்லாம் மட்டம். இது நம் தேசியக் கொள்கை.

இந்தக் கொள்கையை ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் அமல்படுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வார விஷயம். (ஸ்போர்ட்ஸ் காரா, எனக்கெதுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கடைசியில் உங்கள் மோட்டார் பைக்குக்கும் ஒரு சமாசாரம் வைத்திருக்கிறேன்.)

என் சித்தி பையன் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். ஆறு வருஷம் காசு சேர்த்து ஒரு கார் வாங்கினான். புதுசு இல்லை. 1990-களில் செய்த மாஸ்டா எம்.எக்ஸ்-5. இரண்டே இரண்டு ஸீட். துணிக் கூரை, வேண்டுமென்றால் மடித்துக்கொள்ளலாம். ராத்திரியில் ஸ்விட்சைத் தட்டினால் ஹெட்லைட் ரெண்டும் பானெட்டிலிருந்து தவளைக் கண் மாதிரி எழுந்து நிற்கும். பார்த்தவுடன் யாருக்கும் சிரிப்பு வரும். அப்படி ஒரு முகம்.

சிரிப்பு வந்தாலும் லேசுப்பட்ட கார் இல்லை. 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் முதலில் காட்டினார்கள். 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற ரெண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. அந்த முதல் மாடலின் எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. எஞ்சின் பிரமாத பலசாலி எல்லாம் இல்லை. 'குதிரையும் சவாரிக்காரனும் ஒண்ணு' என்ற அர்த்தத்தில் ஜப்பானியர்கள் 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். அதுதான் இந்தக் காரின் தாரக மந்திரம்.

தம்பி என்ன செய்தான்? குதிரைக்குக் காலில் கட்டை கட்டிவிட்டான்.

அதாவது, கம்பெனி கொடுத்த ஸஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, செப்பாங் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தரிடமிருந்து 'காயில்ஓவர்' என்று ஒரு செட்டை செகண்ட் ஹாண்டில் வாங்கி மாட்டினான். ஷாக் அப்ஸார்பரும், அதைச் சுற்றி ஸ்பிரிங்கும் சேர்ந்த சமாசாரம் அது. உடம்பு முழுக்க மரை. வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். தலையில் ஒரு குமிழ். திருகினால் க்ளிக், க்ளிக், க்ளிக். முப்பது க்ளிக். வலது பக்கம் திருகத் திருகக் கெட்டி.

முப்பது இருக்கும்போது யாராவது பதினெட்டில் நிறுத்துவார்களா? கடைசி வரைக்கும் திருகினான். உயரத்தையும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் போகாத அளவுக்கு இறக்கினான். ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். "எப்டீங்ணா இருக்கு?" என்று கேட்டிருந்தான். பார்க்க சிறுத்தை பதுங்கின மாதிரிதான் இருந்தது.

நான் அங்கே போய் இறங்கியது தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னால். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை குறைவு.

"மாமா, நீங்களே ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் தம்பி மனைவி. பொள்ளாச்சிப் பெண். அனாவசியமாகப் பேசாது. போனேன். அந்த ஊரில் குடியிருப்புப் பகுதியை 'தாமான்' என்கிறார்கள். தாமானுக்குத் தாமான் வேகத் தடை. ஒவ்வொன்றிலும் என் முதுகெலும்பு மேலிருந்து கீழ் வரை வருகைப் பதிவேடு எடுத்தது. வாய் திறந்து பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வோமோ என்று வாயை மூடிக்கொண்டேன். என் சரித்திரத்தில் அது அபூர்வம்.

முதுகுவலி மட்டும் என்றால் அவள் பொறுத்திருப்பாள். நடந்தது வேறு. போன மாசம் ஒரு மழை நாளில், கெந்திங் பக்கம் மலைப்பாதை. வளைவு. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம். வேகம் ஐம்பதுதான். பின் சக்கரம் ஒட்டின் மேல் ஏறியதும் 'டக்'கென்று தரையை விட்டுத் துள்ளி, பின்பக்கம் முழுக்க ஒண்ணரை அடி வெளியே நகர்ந்துவிட்டது. எதிரே மர லாரி. லாரிக்காரர் ஒதுங்கி, ஹாரனை அமுக்கி, போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வீடு வந்து சேரும் வரை ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"தீபாவளிக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா விக்கணும். ரெண்டுல ஒண்ணு" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே?

தம்பிக்குத்தான் புரியவில்லை. "ரேஸ் செட்டுங்ணா இது. கெட்டியா இருந்தா ரோட்டைப் பிடிக்கணுமில்ல? ஏன் வழுக்குச்சு?" என்று என்னைக் கேட்டான். நான் பி.காம். எனக்கு டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியும். ஆகவே, தெரிந்தவரிடம் போகலாம் என்றேன்.

கிள்ளானில் ஒரு பட்டறை. மலேசியாவில் கார் மெக்கானிக்கை 'போமன்' என்கிறார்கள். ஃபோர்மேன் என்ற வார்த்தை தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. நம் தமிழர். அறுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை. காரின் நாலு மூலையையும் உள்ளங்கையால் ஒவ்வொரு அமுக்கு அமுக்கினார். கார் அசையவில்லை.

"தம்பி, ரேஸ் ஓட்டுறீங்களா?"

"இல்லீங்ணே."

"ஆபீஸ் போவீங்க, மார்க்கெட் போவீங்க, சனி ஞாயிறு மலைக்குப் போவீங்க?"

"ஆமாங்ணே."

"அதுக்கு எதுக்கு கட்டிலை வாங்கிட்டு வந்தீங்க? கார் வாங்கியிருக்கலாமே."

தம்பி மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்து அவர் ஒரு காரியம் செய்தார். ஷாக் அப்ஸார்பரின் பளபளப்பான கம்பியில், பிளாஸ்டிக் நாடா ஒன்றை (ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவோமே, அந்த டை) சுற்றி மெதுவாக இறுக்கினார். தெருக்கோடி வரை ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தார். ஸஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறதோ, அவ்வளவு தூரம் அந்த நாடாவைத் தள்ளிவிடும். பிறகு அது அங்கேயே நின்றுவிடும். வெள்ளைக்காரன் கம்ப்யூட்டர் வைத்து அளப்பதை ஒரு நாடா செய்துவிடுகிறது.

அமுங்கும் தூரத்தின் எல்லையில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் முட்டு இருக்கும். 'போதும், இதுக்கு மேல வராதே' என்று சொல்ல வைத்தது. கடைசி பட்சமாகத்தான் அது வேலை செய்ய வேண்டும். இந்தக் காரின் கதை என்னவென்றால், சும்மா நிற்கும்போதே முட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது! ஸ்பிரிங் வேலை செய்ய இடமே இல்லை. இந்த மாடலுக்கு ஸஸ்பென்ஷன் அமுங்கும் தூரமே பிறவியில் கொஞ்சம் குறைச்சல். அதையும் தம்பி அழகுக்காகச் செலவழித்துவிட்டான்.

இந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இது காமர்ஸ்.

அமுங்கும் தூரம் என்பது பாங்க் பாலன்ஸ். பள்ளம், மேடு, வேகத் தடை எல்லாம் செலவு. காரை இறக்கும்போது பாலன்ஸிலிருந்து பணம் எடுக்கிறோம். பார்க்கும்போது ஜம்மென்று இருக்கும். அடுத்து ஒரு மேடு வந்து கை நீட்டும்போது கணக்கில் ஒன்றும் இல்லை. செக் பவுன்ஸ். மலைப்பாதையில் பவுன்ஸ் ஆனது அதுதான்.

டயர் ரோட்டின் மேல் இருந்தால்தான் பிடி. ஆகாயத்தில் இருந்தால் என்ன ரப்பர் என்றாலும் பிரயோஜனம் இல்லை. ரேஸ் டிராக்கைப் பாய் மாதிரி சமமாகப் போட்டிருப்பார்கள். அங்கே கார் சாயாமல் இருந்தால் போதும், கெட்டி ஸ்பிரிங் சரி. ஊர் ரோட்டில் சக்கரம் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போக விடாமல் பிடித்தால், சக்கரம் போக வேண்டிய இடத்துக்குக் காரே போகிறது. கூடவே நாமும்.

"ஷாக் அப்ஸார்பர்னு பேரு வச்சவன்தான் குழப்பிட்டான்" என்றார் போமன். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஷாக் அப்ஸார்பரின் வேலை, வாங்கிக்கொண்ட ஸ்பிரிங் ஆடாமல் சமாதானப்படுத்துவது. உள்ளே எண்ணெய். ஒரு பிஸ்டனில் சின்னச் சின்ன துவாரம். ஆட்டத்தை எண்ணெய் தடுத்துச் சூடாக மாற்றிவிடுகிறது. க்ளிக் வைத்துத் திருகும்போது அந்த எண்ணெய் போகும் வழியைத்தான் குறுக்குகிறோம். நன்றாக ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும்.

ஸ்பிரிங்கில் நம்பர் எழுதியிருந்தது. முன்னால் 10, பின்னால் 8. ஒரு மில்லிமீட்டர் அமுக்கப் பத்து கிலோ வேண்டும் என்று அர்த்தம். ஒரு டன்னுக்குக் கீழே இருக்கிற காருக்கு இது டிராக் கணக்கு. ரோட்டுக்கு முன்னால் 6, பின்னால் 4 போதும் என்றார். தம்பி முகம் தொங்கிவிட்டது. பத்து மார்க்கிலிருந்து ஆறு மார்க்குக்கு வந்த பையன் மாதிரி.

"அப்ப வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கினா கெட்டி ஆகாதுங்களாண்ணே?"

"ஆகாது. ஆறு கிலோ ஸ்பிரிங் எப்பவும் ஆறு கிலோதான். இறுக்கினா கார் தூக்கும், அவ்ளோதான்."

இது எனக்கும் புது சேதி. ஸ்பிரிங் இருக்கும் வளையத்தைத் திருகுவது உயரத்தைத்தான் மாற்றுகிறது. சில செட்டில் அடிப்பாகமே தனியாகத் திருகும்படி இருக்கும். அதில் உயரத்தை மாற்றினாலும் ஷாக் அப்ஸார்பருக்குள் அமுங்கும் தூரம் குறையாது. தம்பியின் செட் முதல் வகை. இறக்க இறக்க பாலன்ஸ் காலி.

புது ஸ்பிரிங் வர நாலு நாள். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்தோம். அவர் செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன். செலவில்லாத பாதி வேலை இதில் இருக்கிறது.

முதலில் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளவு. தரையிலிருந்து அளக்கக் கூடாது, டயர் காற்றைப் பொறுத்து மாறும். காற்றையும் பார்த்தார். இந்தக் காருக்குக் கம்பெனி சொன்னது 26 பவுண்டு. தம்பி வைத்திருந்தது 36. (கிண்!)

ஸ்பிரிங் மாற்றிய பிறகு, கம்பெனி உயரத்துக்கு 25 மில்லிமீட்டர் மட்டும் கீழே வைத்தார். ஒரு அங்குலம். பார்ப்பவர் கண்ணுக்கு இறங்கியது தெரியும். வேகத் தடைக்குத் தெரியாது. ஜாக்கியிலிருந்து இறக்கின உடனே அளக்கவில்லை. காரை முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டிவிட்டுத்தான் அளந்தார். ஜாக்கியிலிருந்து இறங்கும் கார், புது மாப்பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் கூச்சத்தோடு தூக்கலாகவே நிற்குமாம்.

அடுத்தது ரப்பர் புஷ். ஸஸ்பென்ஷன் கைகள் சேருமிடத்தில் ரப்பர் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரமும் தப்பாகக் காட்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். ஆகவே காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவது இதுதானாம்.

அப்புறம் அரிசி மூட்டை!

நாலு சக்கரத்தின் அடியிலும் நாலு தராசு. டிரைவர் ஸீட்டில் பத்து கிலோ மூட்டை ஏழு, அஞ்சு கிலோ மூட்டை ஒன்று. மொத்தம் எழுபத்தஞ்சு கிலோ. தம்பி என்ற பதவிக்கு அரிசி ஆக்டிங் செய்தது. டீக்கடை நாற்காலியில் ஒரு கால் குட்டையாக இருந்தால், எதிர்மூலையோடு சேர்ந்து ஆடும் இல்லையா? காரும் அப்படித்தான். முன் வலதும் பின் இடதும் சேர்ந்த எடை, மற்ற ரெண்டின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி. இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஒரு சக்கரம் மட்டும் முதலில் வழுக்கும். கால் திருகு இங்கே, அரைத் திருகு அங்கே என்று அவர் டிரையல் பாலன்ஸ் டாலி செய்ததைப் பார்க்க எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்தது. எங்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமாக டாலி ஆனதில்லை.

"பக்கத்து ஸீட்டுக்கு எத்தனை மூட்டை வைப்பீங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள். மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் ஸ்பானர் தேட ஆரம்பித்தோம்.

உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறிவிடும். ஆகவே வீல் அலைன்மென்ட் எப்போதும் உயரத்துக்கு அப்புறம்தான். முன்னால் செய்தால் அது தண்டச் செலவு. இறக்க இறக்கச் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். அதற்கு கேம்பர் என்று பேர். ரோட்டுக்கு ஒரு டிகிரி, ஒண்ணரை டிகிரி சாய்வு போதும். மூணு டிகிரி வைத்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்க்கும்போது டயர் புத்தம் புதுசு, உள்ளே கம்பி தெரியும்! இன்னொன்று டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் மூக்கை உள்ளே திருப்பியிருக்கின்றனவா, வெளியேவா என்ற கணக்கு. ரேஸ்காரர்கள் முன் சக்கரத்தைத் துளி வெளிப்பக்கம் வைப்பதுண்டு, கார் சட்டென்று திரும்பும். ரோட்டில் அப்படி வைத்தால் லாரி போன தடம் எல்லாம் நம் காரை இழுக்கும், டயரும் தேயும். இவர் முன்னால் நேராகவும் பின்னால் துளி உள்பக்கமாகவும் வைத்தார். கடைசியாக அந்தத் தவளைக் கண்களையும் கீழே மேலே பார்த்து சரி செய்தார். காரின் உயரம் மாறினால் லைட் விழும் இடமும் மாறும், எதிரே வருகிறவர் சபிப்பார்.

இனி க்ளிக்.

வலது பக்கம் முழுக்க, மெதுவாக, முட்டும் வரை திருக வேண்டும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நாலு குமிழையும் முப்பதில் (அதாவது படு சாஃப்ட்) வைத்துவிட்டு, "இங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரு தடவைக்கு ஒரு இடம். முன்னால தொட்டா பின்னால தொடாதீங்க. ஒரே ரோடு, ஒரே வேகம். எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் டீ. அங்கே பார்ஸல் டீயை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டித் தருகிறார்கள். அதை அப்படியே டாஷ்போர்டு குமிழில் மாட்டிவிட்டார். "இது ஆடுறதைப் பாருங்க தங்கச்சி. நீங்கதான் ஜட்ஜு."

தேர்ந்தெடுத்த ரோடு நாலு கிலோமீட்டர். அதில் ஒரு வேகத் தடை, ஒட்டுப் போட்ட ஒரு வளைவு, சந்திப்புக்கு முன்னால் குறுக்கே வரிசையாகத் தடித்த மஞ்சள் கோடுகள். கார் ரெண்டு ஸீட் என்பதால், நான் பட்டறை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜட்ஜ் அம்மாள் தீர்ப்பு சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டான். என் லெட்ஜரிலிருந்து சில வரிகள்:

முன் 30, பின் 30: வேகத் தடை தாண்டியதும் மூணு தடவை தலையாட்டுகிறது. படகு மாதிரி. டீ ஒரு சொட்டு வெளியே.

முன் 24, பின் 30: மூக்கு பரவாயில்லை. பின்பக்கம் இன்னும் கும்பிடு போடுகிறது.

முன் 24, பின் 24: ரெண்டு தடவை ஆடி நிற்கிறது.

முன் 18, பின் 24: முன்னால் ஒரே ஆட்டம், உடனே அடங்கிவிட்டது.

முன் 18, பின் 21: பின்னாலும் அப்படியே. டீ தொட்டில் மாதிரி மெள்ள ஆடுகிறது.

முன் 12, பின் 15: ஆட்டமே இல்லை. டீ நடுங்குகிறது. மஞ்சள் கோட்டில் பல் கிட்டுகிறது.

"பன்னண்டுல கார் கிண்ணுனு இருக்குங்ணா" என்றான் தம்பி ஆசையாக. (ரத்தத்தில் ஊறியது.) அப்போதுதான் போமன் அந்த மஞ்சள் கோடுகளின் விஷயத்தை விளக்கினார். ஷாக் அப்ஸார்பரை ரொம்ப இறுக்கினால், அமுங்கின சக்கரம் கீழே இறங்கி வர நேரம் பிடிக்கும். அது வருவதற்குள் அடுத்த கோடு. மறுபடி அமுங்கும். அதற்குள் அடுத்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய், கடைசியில் பழைய ரப்பர் முட்டில் போய் உட்கார்ந்துவிடும். வரவு வருவதற்குள் அடுத்த செலவு. மாசக் கடைசியில் நமக்கு நடப்பதுதான்.

"ஆட்டம் அடங்கற இடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல ஒவ்வொரு க்ளிக்கும் உங்க முதுகுக்குத்தான், ரோட்டுக்கு இல்ல" என்றார். நான் பிறகு படித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் மனுஷ உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் விநாடிக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை ஆடுவதைத்தான் தாங்கவே மாட்டேன் என்கிறது. சாதாரணக் கார் ஸ்பிரிங்கின் மேல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை ஆடும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ரெண்டுக்குள். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கெட்டியாக்க ஆக்க, ரோட்டின் சின்னச் சின்னக் குலுக்கல் எல்லாம் நேராக முதுகுக்கு வருகிறது. பொள்ளாச்சிப் பெண் புத்தகம் படிக்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

இதை எல்லாம் கிள்ளான் போமன் மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன், 1962-ல் வந்த எலான் காரில் இதையேதான் செய்தார். மெத்தென்ற ஸ்பிரிங், அதை அடக்கத் தெரிந்த ஷாக் அப்ஸார்பர். கார் லேசாக இருந்தது, ரோட்டை விடாமல் பிடித்தது. அதே லோட்டஸை 1996-ல் மலேசியாவின் புரோட்டான் கம்பெனி வாங்கி 2017 வரை வைத்திருந்தது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை. மிருது, கெட்டி ரெண்டையும் தேவைக்குத் தக்கபடி மாற்ற முடியாதா என்று யோசித்தவர்களும் உண்டு. 1992-ல் நைஜல் மான்செல் உலக சாம்பியன் ஆன வில்லியம்ஸ் காரில், கம்ப்யூட்டரே ஸஸ்பென்ஷனை இயக்கியது. கார் ஓவராகப் பிரமாதமாகப் போகிறது என்று 1994-லிருந்து தடை போட்டுவிட்டார்கள்! ரோட்டுக் காருக்குத் தடை கிடையாது. 2002-ல் காடிலாக், ஷாக் அப்ஸார்பர் எண்ணெயில் இரும்புத் துகளைக் கலந்து, மின்சாரக் காந்தத்தால் அதை ஒரு கணத்தில் கெட்டியாக்கவும் இளக்கவும் வழி செய்தது. கோடீஸ்வரர்களின் காரில் இப்போது இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. தம்பி வீட்டில் அவன் மனைவி செய்கிறாள்.

முன் 18, பின் 21-லேயே நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மழை. ரெண்டு பேரும் மலைக்குக் கிளம்பினார்கள். அதே பாதை, அதே வளைவு, அதே ஒட்டு. நான் வீட்டு வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி ஊரிலிருந்து ரெண்டு தடவை போன் செய்தாள். "எங்கடா அவன்?" "கடைக்குப் போயிருக்கான் சித்தி." இருட்டுகிற நேரத்தில் தவளைக் கண் ரெண்டும் தெருமுனையில் தெரிந்தது. தம்பி இறங்கினான். அவள் இறங்கவில்லை.

பதறிப்போய்க் கிட்டே ஓடினால், தூங்கிக்கொண்டிருக்கிறாள்!

"வளைவுல 'டொப்'புனு ஒரு சத்தம். அவ்ளோதாங்ணா. டயர் ஒட்டு மேல ஏறி எறங்குச்சு, கார் போற பக்கம்தான் போச்சு. இவ என் கையைப் பிடிச்சிட்டிருந்தா. திரும்பி வரும்போது பார்த்தா தூங்கிட்டா" என்றான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கிள்ளானில் இருந்து அப்போது ஒரு ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்டிருந்தால்கூட இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடைத்திருக்காது.

கார் விற்கப்படவில்லை. தீபாவளிக்கு ரெண்டு பேரும் புதுத்துணி போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று ஃபோட்டோ அனுப்பினார்கள். போன வாரம் போனில் அவள் சொன்னது: "மாமா, உங்க தம்பி எனக்குத் தெரியாம ரெண்டு க்ளிக் ஏத்தி வச்சிருந்தாரு. டீயைத் தொங்க விட்டேன். மாட்டிக்கிட்டாரு."

இனி நம் ஊருக்கு வருகிறேன். உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் இருக்கலாம், பைக் இருக்குமே. பல பைக்குகளில் பின்பக்க ஷாக் அப்ஸார்பரின் ஸ்பிரிங் ஓரத்தில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். டூல் கிட்டில் அதற்கென்று கொக்கி மாதிரி ஒரு ஸ்பானரும் இருக்கலாம், நாம் எடுத்துப் பார்த்திருக்க மாட்டோம். வாங்கின அன்றைக்கோ, சர்வீஸிலோ யாராவது அதைக் கடைசிப் படியில் வைத்திருப்பார்கள். 'கெட்டியா வச்சிருக்கேன் ஸார்.' ஸ்பிரிங் கெட்டி ஆவதில்லை. முன்கூட்டியே இறுக்கி வைப்பதால், தனி ஆள் ஏறினால் அமுங்க மறுக்கிறது. ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்புக்கு வருகிறது. தனியாகப் போகும்போது கீழ்ப் படி, பின்னால் வீட்டுக்காரம்மாவும் பையும் ஏறினால் மேல் படி. ரெண்டு பக்கமும் ஷாக் இருந்தால் ரெண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், அஞ்சு நிமிஷம் போதும்.

காரில் மாற்றுகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. நம் வேகத் தடைக்கும் சட்டம் உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் சுகமாகத் தாண்டலாம். நம் தெருவில் இருப்பதை டேப் வைத்து அளந்து பாருங்கள். மிச்சமான கான்கிரீட்டை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொட்டின மாதிரி இருக்கும். அதைத் தாண்ட வேண்டியது நம் ஸ்பிரிங்தான். அதற்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

கெட்டி, மேளத்தில் இருந்தால் போதும்.